கணக்கிடும் பொறியும் கணக்குக்குப் பொறுப்பாளியும்

மனிதன் தன் கைக்கு உதவியாகக் கருவிகளை அமைத்துக்கொண்ட நாள் முதலாகக் கருவிக்கும் அதனை ஆள்பவனுக்கும் இடையே சொல்லப்படாத ஓர் உடன்பாடு இருந்து வருகின்றது. தராசு பிடிக்கும் வணிகன் அதன் முள்ளை நோக்கி நிறையை அறிவான். ஐயம் உண்டாயின் படிக்கல்லையும் பண்டத்தையும் தட்டு மாற்றி வைத்துச் சோதிப்பான். பேரேடு எழுதும் கணக்கப்பிள்ளை மாலையில் இருப்புக் குறையக் கண்டால், பேரேட்டிலிருந்து நாட்பதிவுக்கும், நாட்பதிவிலிருந்து பற்றுச்சீட்டுக்கும் படிப்படியாய் இறங்கிச் சென்று, தவறு நேர்ந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுவார். கருவி பிழைபட்டால் அப்பிழையைக் காணும் வழியும் அதனை ஆள்பவர் கையிலேயே இருந்தது. ஆதலின், அக்கணக்குக்கு அவரைப் பொறுப்பாளியாக்குதல் நியாயமாகவே இருந்தது.

இக்காலத்து வணிகமோ கணிப்பொறியின்றி ஒரு நாளும் நடவாது. வங்கியிலும் அங்காடியிலும் இரயில் நிலையத்திலும் வேலை செய்வோர், தாம் ஆக்காததும் தமக்கு உள்ளே புலப்படாததுமான ஒரு பொறி காட்டும் தொகையை மெய்யென்று கொண்டே நாள்தோறும் கையொப்பம் இடுகின்றனர். "இத்தொகை எவ்வாறு வந்தது?" என்று கேட்கும் ஆற்றல், பொறி பெருகப் பெருக அதனை ஆள்வோர் கையினின்று எவ்வாறு நழுவிற்று என்பதையும், ஆற்றல் நழுவிய பின்னும் பொறுப்பு மட்டும் அவர் தலைமேல் நின்றதனால் விளைந்த கேடு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குப் பிரிட்டன் தேசத்து வரலாற்றையே பெரிதும் எடுத்துக்கொள்வோம். வணிகத்தின் அன்றாட வேலைக்குக் கணிப்பொறியை முதன்முதல் பூட்டிய பெருமை அந்நாட்டுக்கு உரியது. அப்பொறியை அளவுக்கு மிஞ்சி நம்பியதனால் நேர்ந்த கொடுமைகளுள் மிகப் பெரிய ஒன்றும் அந்நாட்டிலேயே நிகழ்ந்தது.

லண்டன் மாநகரில் லயன்ஸ் கம்பெனியார் ரொட்டியும் பணியாரங்களும் செய்து தம் தேநீர்க் கடைகள் வாயிலாக விற்று வந்தனர். ஒவ்வொரு விற்பனையிலும் கிடைக்கும் இலாபமோ சிறிது. எழுதவேண்டிய கணக்கோ பெரிது. 1947-இல் அவர்கள் தம் அலுவலர் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே புதிதாய்த் தோன்றியிருந்த மின்னணுக் கணக்குப் பொறிகளைப் பற்றி அறிந்துவரச் செய்தனர். பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவாகி வந்த எட்சாக் என்னும் பொறிக்கு 3,000 பவுன் பொருளுதவி செய்து, அதன் அமைப்பைப் பின்பற்றித் தாமே ஒரு பொறியைக் கட்டினர். லியோ எனப் பெயர் பெற்ற அப்பொறி 1951 நவம்பரில் ரொட்டிச்சாலையின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடத் தொடங்கிற்று. அதனுள் ஏறத்தாழ 6,000 வால்வுகள் இருந்தன. ஒரு தொழிலாளியின் வாரக் கூலியைக் கணக்கிடப் பழகிய குமாஸ்தா ஒருவருக்கு 8 நிமிடம் சென்றது. லியோ அதனை ஒன்றரை விநாடியில் முடித்தது.

ஈண்டு நாம் கருதத்தக்கது வேகம் அன்று. லியோவை ஆக்கியோரும் ஆண்டோரும் ஒரே நிறுவனத்தார். அதற்குரிய வேலைமுறைகளை வகுத்த டேவிட் கேமினர் முதலானோர், அக்கம்பெனியின் அலுவலகப் பழக்கங்களை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். தேநீர்க் கடைகளின் தலைவியர் மறுநாளைக்கு வேண்டும் பண்டங்களில் மாற்றம் இருப்பின் தொலைபேசியில் அறிவிப்பர். அதனைக் கேட்கும் பெண்கள் உடனே அட்டைகளில் துளையிட்டுப் பொறிக்குத் தருவர். பொறியின் ஒரு முனையில் கேட்கும் செவி ஒன்று இருந்தது. வால்வுகள் அடிக்கடி பழுதாகும் என்பதை யாவரும் அறிந்திருந்தமையால், பொறியும் பிழை செய்யும் என்பது அன்று மறைக்கத்தக்க இரகசியம் அன்று. ஆகவே, தொகைகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கும் சோதனைகளை வேலையின் உள்ளேயே அவர்கள் அமைத்தனர். பொறியை ஐயுற்றமையாலேயே அவர்கள் அதனை நம்பத்தக்கதாக ஆக்கினர் எனலாம்.

இந்நெருக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. கணிப்பொறி செய்து விற்பதே ஒரு தனித்தொழில் ஆயிற்று. 1964-இல் ஐ.பி.எம். கம்பெனியார் 360 என்னும் எண்ணால் வழங்கும் பொறி வரிசையை அறிவித்தனர். அதனை இயக்குவதற்குரிய மென்பொருளை ஆக்கும் வேலைக்குத் தலைவராயிருந்த பிரடெரிக் புரூக்ஸ், அவ்வேலையில் பட்ட இடர்களை 1975-இல் ஒரு நூலாக எழுதினார். பெரியதொரு மென்பொருளை ஒரு தனி மனிதனின் அறிவுக்குள் அடக்குவது அரிது என்பது அவ்வனுபவத்தால் உலகுக்குத் தெளிவாயிற்று. வணிக நிலையங்களில் கணிப்பொறிக்கென்று தனிப் பிரிவு எழுந்தது. கணக்கர் படிவத்தை நிரப்பி அப்பிரிவுக்கு அனுப்புவார். அச்சிட்ட தாள்கள் பின்னர் அவரிடம் வரும். இடையே நடந்தது யாது என்பது அவருக்குத் தெரியாது. ஏன் இப்படி என்று வினவினால், "கணிப்பொறி அப்படித்தான் சொல்லுகிறது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். பொறி பேசத் தொடங்கிய காலத்தில் மனிதர் விடையளிக்கும் கடமையை விட்டுவிட்டனர்.

இதற்கு எதிரான ஓர் அலையும் எழுந்தது. ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் எல்லாவற்றையும் அழித்து எழுதவேண்டிய தொல்லையை நீக்க எண்ணினார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் ஆக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் 1979-இல் ஆப்பிள் பொறியில் வெளிவந்தது. கட்டம் கட்டமாய்ப் பிரிந்த அத்தாளில் எண்ணும் இருக்கும். அவ்வெண் பிறந்த வாய்பாடும் அதன் பின்னே இருக்கும். கட்டத்தைத் தொட்டால் வாய்பாடு வெளிப்படும். கணக்கர் தம் பேரேட்டை மீண்டும் பெற்றார் எனலாம்.

விரிதாளிலும் பிழை நேரும் என்பது உண்மையே. எனினும், அங்கே நேரும் பிழைக்கும் மூடிய பொறியில் நேரும் பிழைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பேராசிரியர் இருவர் அரசாங்கக் கடனுக்கும் நாட்டு வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2010-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பல நாட்டு அமைச்சர்கள் அதனை ஆதாரமாகக் காட்டினர். மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீட்டும் செய்து பார்த்தபோது விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்கள் தம் விரிதாளையே அவருக்கு அனுப்பினர். திறந்து பார்த்தால், சராசரி எடுத்த வாய்பாட்டில் 20 நாடுகளுள் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. வேறுபாடு முழுமைக்கும் அவ்வொரு தவறே காரணம் அன்று. சில ஆண்டுகளை விலக்கியதும், நாடுகளுக்கு மதிப்பளித்த முறையும் கூடக் காரணமாயின. ஆயினும், தாளிலிருந்த தவறு தவறே என்பதைப் பேராசிரியர்களும் 2013-இல் ஒப்புக்கொண்டனர். புகழ்பெற்ற இருவரின் கணக்கை ஒரு மாணவர் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவருடைய கூர்மை மட்டும் அன்று. தாள் திறந்திருந்தமையும் ஆம்.

நிற்க. திறவாத பொறியின் கதைக்கு இனி வருவோம். லியோவை ஆக்கிய நிறுவனம் 1963-இல் வேறொரு கம்பெனியோடு இணைந்தது. 1968-இல் அதன் வழி ஐ.சி.எல். என்னும் பெரிய நிறுவனத்தில் கலந்தது. அந்நிறுவனமோ 1990-இலும் 1998-இலுமாக ஜப்பான் தேசத்துப் பியூஜிட்சு கம்பெனியின் உடைமை ஆயிற்று. அவ்வழியில் வந்தோரே பிரிட்டனின் தபால் நிலையங்களுக்கு ஹொரைசன், அதாவது தொடுவானம், என்னும் பெயருடைய கணக்கு அமைப்பை ஆக்கிக் கொடுத்தனர். 1999 முதல் அது 10,000-க்கு மேற்பட்ட நிலையங்களில் நிறுவப்பட்டது. அந்நாட்டில் சிற்றூர்த் தபால் நிலையங்களை நடத்தும் சப் போஸ்ட்மாஸ்டர்கள் பெரும்பாலும் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர் அல்லர். தம் கடையின் ஒரு பக்கத்தில் ஒப்பந்தத்தின்பேரில் தபால் வேலையைப் பார்ப்போர். கணக்கில் குறைவு நேரின், தம் கைப்பொருளைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டியவர்களும் அவர்களே.

ஹொரைசன் வந்த பின்னர்ப் பல நிலையங்களில் காரணம் விளங்காத குறைவுகள் தோன்றின. தெற்கு வார்ன்பரோ என்னும் சிற்றூரில் ஜோ ஹாமில்டன் என்னும் அம்மையாரின் கணக்கில் ஏறக்குறைய 2,000 பவுன் குறைந்தது. அவர் உதவித் தொலைபேசியை அழைத்தார். அங்கிருந்தோர் சொன்னபடியே விசைகளை அழுத்தினார். அவர் கண்முன்னே குறைவு இருமடங்கு ஆயிற்று. பிரிட்லிங்டன் என்னும் கடற்கரையூரில் லீ காசில்டன் என்பார் அவ்வுதவித் தொலைபேசியை 91 முறை அழைத்தார். பயன் யாதும் இல்லை. தபால் நிறுவனம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடிய அவர் 2007-இல் தோற்று, 321,000 பவுன் வழக்குச் செலவுக்கு உள்ளாகி, கடனிறுக்க இயலாதவராக்கப்பட்டார்.

பொறியுள் நிகழ்ந்தது யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 2015-இல் ஒரு நிலையத்திலிருந்து அதன் கிளைக்கு 8,000 பவுன் ரொக்கம் மாற்றப்பட்டது. திரை அசையாது நின்றமையால் அங்கு வேலை செய்தவர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். அழுத்திய ஒவ்வொரு முறையும் பொறி புதிதாக 8,000 பவுன் வந்ததாக எழுதிக்கொண்டது. ஒரு மெய்ப்பதிவோடு மூன்று பொய்ப்பதிவுகள் சேரவே, 24,000 பவுன் குறைவு என்று கணக்குக் காட்டிற்று. பெட்டியில் காசு குறையவே இல்லை. ஏட்டில் வராத காசு வந்ததாக எழுதப்பட்டிருந்தது. கையால் எழுதும் பேரேட்டில் ஒரே பதிவு நான்கு முறை வந்திருப்பின் முதல் நோக்கிலேயே புலப்பட்டிருக்கும்.

இத்துன்பம் பெருகியதற்குரிய காரணங்களைப் பகுத்துக் காண்போம். முதலாவது, குறைவு எவ்வாறு பிறந்தது என்பதை ஆராய்வதற்கு வேண்டிய பதிவுகள் முழுவதும் சப் போஸ்ட்மாஸ்டர் கைக்கு எட்டவில்லை. இரண்டாவது, ஐயத்தைப் பதிவு செய்யப் பொறியில் இடமே இல்லை. தீராத வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் நிறுத்திவைக்க முன்பு இருந்த வழியும் 2005-இல் எடுபட்டது. கணக்குக் காலத்தின் முடிவில், தொகையைச் சரியென்று ஏற்று ஈடுசெய்ய ஒப்பினாலன்றி அடுத்த காலத்துக் கணக்கைத் தொடங்க இயலாது. "இதனை நான் மறுக்கிறேன்" என்பதற்கு ஒரு விசை இல்லாமையால், மறுப்போர் இல்லை என்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. மூன்றாவது, இவ்வகைக் குறைவு வேறு எவருக்கும் நேர்ந்ததில்லை என்று பலரிடம் சொல்லப்பட்டது. ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒவ்வொருவரும், குற்றம் தம்முடையதே போலும் என்று இரவெல்லாம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தனர். நான்காவது, பொறியை ஆக்கியோர் வெகுதூரத்திலிருந்தே நிலையங்களின் கணக்கில் கைவைக்கக்கூடிய நிலையில் இருந்தும், அது முடியாதென்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

ஐந்தாவதாகிய காரணம் சட்டத்தைச் சார்ந்தது. அது மாணவர் நன்கு கருதத்தக்கது. 1984-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றத்தில் கணிப்பொறிப் பதிவைச் சான்றாகக் காட்டுவோர் அப்பொறி முறையாக இயங்கிற்று என்பதை நிறுவவேண்டியிருந்தது. அது வீண் தொல்லை எனக் கருதப்பட்டு, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்விதி நீக்கப்பட்டது. அதன் பின்னர், மறுப்புச் சான்று காட்டப்படாதவரை பொறி செம்மையாகவே இயங்கிற்று என்று கொள்ளப்பட்டது. ஹொரைசன் நாடெங்கும் பரவிய காலமும் இதுவே. பொறியின் உள்ளே நோக்க வழியில்லாத ஒருவரை நோக்கி, "பொறி பிழையுடையது என்று நீயே காட்டு" என்று சட்டம் கூறிற்று.

1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். அவ்வழக்குகளுள் பெரும்பகுதியைத் தபால் நிறுவனம் தானே தொடுத்தது. கருவுற்றிருந்த சீமா மிஸ்ரா என்னும் அம்மையார் 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். வீட்டை இழந்தோரும், ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிக் குடிபெயர்ந்தோரும் பலர். இத்துயரின் பயனாக 13 பேரேனும் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று இதற்கென அமைந்த விசாரணையின் அறிக்கை 2025 ஜூலையில் கூறிற்று.

இருள் நீங்கியது எவ்வாறு? வேல்ஸ் நாட்டில் லாண்டட்னோ நகரின் ஒரு பகுதியில் தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பார், தமக்கு விளங்காத குறைவுக்குப் பொறுப்பேற்க முடியாதென்று மறுத்துக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 2003-இல் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. 2009-இல் ஒரு பத்திரிகை சிலருடைய அனுபவங்களை ஒருங்கே வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பேட்ஸ் முதலானோர் ஒரு சங்கமாய்க் கூடினர். தனித்தனியே இருந்தபோது குற்றவாளிகளாய்த் தோன்றியவர்கள், ஒன்றுகூடியபோது சாட்சிகள் ஆயினர். 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொரைசனில் குறைவுகளை உண்டாக்கவல்ல பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர் தீர்ப்புரைத்தார். உடன்பாட்டின்படி கிடைத்த 57.75 மில்லியன் பவுனில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே சென்றது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் மேல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன. ஹாமில்டனும் மிஸ்ராவும் அவருள் அடங்குவர். 2024 மே மாதத்தில் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றி ஏனையோர் பலரின் தண்டனைகளை ஒருங்கே நீக்கிற்று.

இவ்வரலாற்றைக் கேட்டுக் கணிப்பொறியை வெறுத்தல் அறிவுடைமை ஆகாது. குமாஸ்தாவின் 8 நிமிடத்தை ஒன்றரை விநாடியாக்கியதும் அதுவே. அன்றியும், பொறியின் உட்பொருள் முழுவதையும் அதனை ஆள்வோர் அறிந்திருக்கவேண்டும் என்பதும் இயலாத காரியம். கடிகாரம் பார்ப்போர் அனைவரும் கடிகாரம் செய்யக் கற்றவர் அல்லரே. ஆயின், மூன்று வசதிகள் மட்டும் எத்துணைப் பெரிய அமைப்பிலும் இன்றியமையாதன. காட்டிய தொகையிலிருந்து அது பிறந்த பதிவுவரை இறங்கிச் செல்ல ஒரு படிக்கட்டு வேண்டும். ஒப்பாத தொகையை ஒப்பவில்லை என்று எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும். அவ்வெழுத்தைப் படித்து விடைகூறக் கடமைப்பட்ட மனிதர் ஒருவர் வேண்டும். இம்மூன்றும் உள்ள இடத்தில், ஆள்பவரைக் கணக்குக்குப் பொறுப்பாக்கலாம். இவை இல்லாத இடத்தில் பொறுப்பு என்பது பழி சுமத்துவதற்கு இட்ட வேறு பெயரே ஆகும்.

இன்று தரவுகளிலிருந்து தாமே பயிலும் பொறிகள் வணிகத்துள் புகுந்துள்ளன. கடன் வேண்டுவோர் விண்ணப்பத்தையும் வேலை வேண்டுவோர் விண்ணப்பத்தையும் அவை தரம் பிரிக்கின்றன. ஹொரைசனின் பிழையையாவது அதனை ஆக்கியோர் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. இப்புதுப் பொறிகள் ஒரு முடிவுக்கு வந்த வழியோ ஆக்கியோருக்கே முற்றும் விளங்குவதில்லை. ஆகவே, பழைய கேள்வி முன்னிலும் கடுமையாக நம்முன் நிற்கின்றது.

இக்கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணவ நண்பர்களுள் சிலர் இத்தகைய பொறிகளை ஆக்குவர். சிலர் அவற்றை வாங்கி நிறுவும் மேலாளர் ஆவர். பலர் அவற்றின் முன் அமர்ந்து வேலை செய்வர். ஆக்குவோர், தம் பொறி பிழைபடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, லியோவை ஆக்கியோர் போலச் சோதனைக்கு இடம் வைத்து ஆக்குவாராக. மேலாளர், ஒரே குறை பலவிடத்திலிருந்து வரும்போது, பலரும் திடீரெனக் கள்வராயினர் என்று எண்ணுமுன் பொறியை ஐயுறுவாராக. அதன்முன் அமர்வோர், தமக்கென ஒரு குறிப்பேடு வைத்து, விளங்காததை நாளும் நேரமும் இட்டு எழுதி, அயலாரையும் வினவி, விளங்காத தொகைக்குக் கையொப்பமிடத் தயங்குவாராக. அத்தயக்கம் சோம்பலும் அன்று, கீழ்ப்படியாமையும் அன்று. பிறர் பொருளுக்குக் கணக்குக் கூறவேண்டிய ஒவ்வொருவரும் செய்யவேண்டிய முதற்கடமை அதுவே ஆகும்.